18 லட்சம் ரூபாய்க்கு எந்த ரோபோ வாங்கலாம்?

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதல்லவா, அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து டிப்ளமோ வரை படிக்கும் பிள்ளைகள் அறுபது பேர் வருகிறார்கள். கணக்கு, அறிவியல், தமிழ் என்று ஆரம்பித்தது. மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டது. அந்தச் சனிக்கிழமை என் பொறுப்பு. பீன்யா தொழிற்பேட்டையில், கணினி கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷின்களின் சர்வோ மோட்டார்களை (சொன்ன அளவுக்குத் திரும்பி நிற்பவை) பழுது பார்த்தே 26 வருடம் ஓட்டியவன் நான்.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், ஓசூர் ரோட்டில் கிரானைட் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் எங்களுக்கு 18 லட்சம் தருவதாகச் சொன்னார். மனித உருவ ரோபோ வாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவர் மனதில் இருந்தது, வாசலில் நின்று வணக்கம் சொல்லி, வருகிறவர்களை நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் அழைத்துப்போகிற ரோபோ. செயலாளர் டீச்சர் நினைத்தது, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ரோபோ. எங்களிடம் படித்துவிட்டு இப்போது கோரமங்களாவில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பிக்கோ, தானே புரோகிராம் எழுதி நடக்கவிட ஒரு ரோபோ வேண்டும். மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொல்லி மூன்று பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கே இரண்டாவது கூட்டத்தில்தான் உறைத்தது.

"ஏங்க, ஒரே மெஷின்ல மூணும் ஆகாதா?" என்றார் பெரியவர்.

ஒரு மாதம் டைம் கேட்டேன். விவரக்குறிப்புகளைப் படித்தேன், விற்கிறவர்களிடம் பேசினேன், இரண்டு கண்காட்சிகளுக்குப் போய் ஒன்றிரண்டின் முழங்காலைத் தொட்டும் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாசலில் நிற்பதற்கு

முதலில் பெரியவரின் ஆசையை எடுத்துக்கொள்வோம். கடை, வங்கி, மருத்துவமனை வாசலில் வழிகாட்டும் ரோபோக்கள் நம் ஊருக்குப் புதிதல்ல. சிட்டி யூனியன் வங்கி 2016-லேயே சென்னையில் 'லட்சுமி'யைக் கொண்டுவந்து நிறுத்தியது. இங்கே பெங்களூரில், பாலாஜி விஸ்வநாதன் தொடங்கிய இன்வென்டோ நிறுவனத்தின் 'மித்ரா' 2017 நவம்பரில் ஹைதராபாத் தொழில்முனைவோர் மாநாட்டு மேடையில் மோடியையும் இவாங்கா டிரம்பையும் வரவேற்றது. 2020-ல் கோவிட் வந்தபோது அதே மித்ரா பெங்களூர் மருத்துவமனை ஒன்றின் வாசலில் நின்று, வருகிறவர்களின் காய்ச்சலைப் பார்த்து உள்ளே விட்டது. உலக அளவில் பெயர் வாங்கியது பெப்பர். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2014-ல் அறிமுகப்படுத்திய அந்த வெள்ளை உருவம் சுமார் 1.2 மீட்டர் உயரம், 28 கிலோ எடை, மார்பில் ஒரு டேப்லெட்.

இவற்றில் மித்ராவுக்கும் பெப்பருக்கும் கால் கிடையாது. சக்கரத்தில்தான் ஓடுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. சிஎன்சி மெஷினில் மேலும் கீழும் போகிற அச்சுக்குத் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் கனமான தலைப்பகுதி சரிந்து கீழே வராமல் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு கால் ரோபோவின் மூட்டுகளில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. சும்மா நிற்பதற்கே மோட்டார்கள் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் தொளதொளவென்று மடங்கிவிடும். ஆய்வகங்களில் இந்த வகை ரோபோவை முதலில் ஒரு இரும்புச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத்தான் எழுப்புகிறார்கள், தொட்டிலில் பிள்ளையை நிறுத்துவதுபோல. சக்கர ரோபோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பேட்டரி தீர்ந்தால் இருந்த இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். பெப்பருக்குக் கடை வேலையில் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் சொன்னது. யூனிட்ரீ என்ற சீனக் கம்பெனியின் நடக்கிற ரோபோவான ஜி1-க்கு இரண்டு மணி நேரம்.

சரி, சக்கரம் என்று முடிவாயிற்று. அப்புறம் அது என்ன பேசும்?

2018 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் ஒரு மளிகைக் கடை, பெப்பர் ஒன்றுக்கு ஃபாபியோ என்று பெயர் வைத்து வேலைக்கு நிறுத்தியது. பீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "மது இருக்கும் பகுதியில்" என்றது. பின்னணி இரைச்சலில் பாதி கேள்வி அதற்குக் காதில் விழவில்லை. கூட்டம் ஒதுங்கிப் போக ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். நாகசாகியில் ரோபோக்களாலேயே நடக்கிற விடுதி என்று 2015-ல் திறந்த இடம், 2019-ல் தன் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் நிறுத்திவிட்டது. அறையில் இருந்த உதவியாளர் பொம்மை, விருந்தாளி விடும் குறட்டையைக் கேள்வி என்று நினைத்து, "மன்னிக்கவும், புரியவில்லை" என்று நடுராத்திரியில் எழுப்பியிருக்கிறது. இரண்டு இடத்திலும் கையும் தலையும் கண்ணும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. சத்தத்தில் காது கேட்கவில்லை, கேட்டாலும் சொல்வதற்கு உருப்படியான பதில் இல்லை. எங்கள் மண்டபத்தில் கீழே நாதஸ்வரம் வாசித்தால் மாடியில் மனிதர்களுக்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

பெங்களூரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். எங்கள் வாசலுக்கு வருகிறவர் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் தொடர்ந்து, ஆங்கிலத்தில் முடிப்பார். போன வருடம் ஒரு கடைத் திறப்பு விழாவில் நான் பார்த்த வரவேற்பு ரோபோவை மறக்கவே முடியாது. அதற்குத் தமிழ்க் குரல் மட்டும் போட்டிருந்தார்கள். இயக்கிய பையன், கன்னட வரவேற்பையும் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்துவிட்டான். கன்னடத்தில் 'வாங்க' என்பதற்கான சொல்லைத் தமிழில் எழுதினால் 'பன்னி' என்றுதான் வரும். நம் ப-வுக்கு வல்லோசை மெல்லோசை இரண்டும் ஒரே எழுத்துத்தானே. தமிழ்க் குரலுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? வந்த மாமிகளை எல்லாம் தலை குனிந்து கைகூப்பி, "பன்னி, பன்னி" என்று அழைத்துக்கொண்டிருந்தது. ரோபோவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மொழி தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இப்போது நன்றாகவே வளர்ந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான ஏஐ மென்பொருள் மாதிரிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. மத்திய அரசின் மொழித் திட்டமான பாஷிணி 2022-லிருந்து நடக்கிறது. ஆனால் இவை ஓடுவது கணினியில், அல்லது இணையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வரில். ரோபோவின் உடம்பு இதற்கு ஒரு ஸ்பீக்கர் ஸ்டாண்டு மாதிரி. அதே மென்பொருளை முப்பதாயிரம் ரூபாய் டேப்லெட்டில் போட்டு, நல்ல மைக் ஒன்றை மாட்டி வாசலில் வைத்தாலும் வழி சொல்லும். கூட்டம் கூடி செல்ஃபி எடுக்காது, அது ஒன்றுதான் குறை. வணிகக் கடைக்கு அந்தக் கூட்டமே முக்கியமாக இருக்கலாம். அவர்கள் வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பினால் நியாயம். அறுபது பிள்ளைகளின் வகுப்புக்கு அது நியாயமாகப் படவில்லை.

பாடம் நடத்துவதற்கு

டீச்சர் கேட்டதைத் தேடப் போனால் முதலில் வந்து நிற்பது நாவோ. 58 சென்டிமீட்டர் உயரம், ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 25 மூட்டுகள். பாரிஸில் 2005-ல் தொடங்கிய ஆல்டெபரான் நிறுவனத்தின் பிள்ளை. ரோபோக்களின் கால்பந்துப் போட்டியான ரோபோகப்பில், எல்லா அணியும் ஒரே ரோபோவை வைத்து மென்பொருளில் மட்டும் போட்டி போடும் பிரிவு ஒன்று உண்டு. 2008-லிருந்து பல வருடம் அதில் ஆடியது நாவோதான். அழகான இயந்திரம், மறுப்பதற்கில்லை. கீழே விழப்போவதை உணர்ந்து கையை முன்னால் ஊன்றத் தெரிந்தது. கட்டங்களை இழுத்துக் கோத்து நடனம் ஆடவைக்க ஒரு மென்பொருளும் கூடவே வருகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பழக்கிப் பார்த்த ஆய்வுகளிலும் நிறைய உட்கார்ந்திருக்கிறது. அந்த வேலைக்கென்றே இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் செய்த காஸ்பர் இன்னொன்று. அதன் முகத்தில் வேண்டுமென்றே உணர்ச்சிகளைக் குறைத்திருக்கிறார்கள், பார்க்கிற குழந்தைக்குக் குழப்பம் வரக்கூடாது என்று. சிறப்புக் கல்வி ஆசிரியர் கூடவே இருக்கும் இடத்தில் இந்த வகை ரோபோவுக்கு உண்மையான வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்களிடம் அப்படிப்பட்ட ஆசிரியர் இல்லை.

நாவோவில் எனக்கு மூன்று இடம் உதைத்தது. பேட்டரி ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு நாவோ என்றால் ஆளுக்கு அதிகபட்சம் ஒன்றரை நிமிடம். இன்னொன்று, ரொம்ப நேரம் நின்றால் கால் மோட்டார்கள் சூடாகிவிடும், உட்காரவைத்து ஆறவிட வேண்டும். இது அந்த ரோபோவோடு பழகியவர்கள் எல்லாரும் சொல்வது. பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுத அது தந்த வசதியோ பைத்தான் 2.7-க்கானது. அந்தப் பைத்தானுக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-லேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லித்தருவது, ஹெச்எம்டி வாட்ச் பழுது பார்க்கச் சொல்லித்தருவது மாதிரி. கலை, சந்தேகமில்லை. வேலை கிடைக்குமா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கம்பெனியின் ஜாதகம். 2012-ல் ஆல்டெபரான் சாஃப்ட்பேங்க் கைக்குப் போனது. 2022-ல் ஜெர்மனியின் யுனைடெட் ரோபோட்டிக்ஸ் குழுமத்திடம். 2025 ஜூனில் திவாலாகி, அடுத்த மாதமே சீனாவின் மேக்ஸ்விஷன் அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது. பெப்பர் உற்பத்தியை 2020-லேயே நிறுத்தியிருந்தார்கள். மொத்தம் செய்தது சுமார் 27,000. பீன்யாவில் எனக்குத் தெரிந்த பழைய ஜெர்மன் லேத்துகள் நாற்பது வருடமாக ஓடுகின்றன. செய்த கம்பெனி போனாலும், பேரிங்கும் பெல்ட்டும் உதிரிபாகக் கடைகள் நிறைந்த கலாசிபாளையத்திலோ எஸ்பி ரோட்டிலோ கிடைக்கும். ரோபோ அப்படியில்லை. அதன் கணுக்கால் கியர் அதன் கம்பெனியிடம் மட்டும்தான். கம்பெனி கை மாறும்போது நம் ரோபோ அநாதையாகிவிடுகிறது.

இந்தியாவில் பள்ளி ரோபோக்கள் என்று பேச்சு வந்தால் இரண்டு பெயர் அடிபடும். ஒன்று ஐரிஸ். 2024-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கு வந்தது, சேலை கட்டி, சக்கரத்தில் உருண்டு பாடம் சொன்னது. இன்னொன்று ஷாலு. மும்பை ஐஐடி வளாகத்துக் கேந்திரிய வித்யாலயாவில் கணினி ஆசிரியரான தினேஷ் படேல், அட்டை, பிளாஸ்டிக், மரம், அலுமினியம் என்று கிடைத்ததை வைத்துத் தன் வீட்டிலேயே செய்தது. ஆன செலவு சுமார் 50,000 ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்தது. பார்க்க ஐரிஸ்தான் லட்சணம். எனக்கு ஷாலு பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் அதற்கு ஜலதோஷம் பிடித்தால் மருந்து கொடுக்கத் தெரிந்த ஆள் அதே பள்ளியில் இருக்கிறார்.

பாடம் சொல்லும் ரோபோவைப் பற்றி என் கருத்தைச் சொன்னபோது டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம். பிள்ளைகள் முதல் வாரம் வாய் பிளப்பார்கள். இரண்டாம் வாரம் கேட்கக்கூடாத கேள்வி கேட்டுச் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் அதன்மேல் பையை மாட்டுவார்கள். ஏழேழு, ரோபோ சொன்னாலும் டீச்சர் சொன்னாலும் 49 தான். அதுவே பிள்ளை கையால் செய்த ரோபோவென்றால் கதை வேறு. எஸ்பி ரோட்டில் நீலநிறக் குட்டி சர்வோ நூறு ரூபாய்க்குப் பக்கம் விற்கிறது. நான்கு சர்வோ, ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை ஒன்று, முப்பரிமாண அச்சில் எடுத்த நான்கைந்து துண்டுகள், அவ்வளவில் ஓட்டோ என்ற குட்டி ரோபோ நடக்கும். அதன் வரைபடமும் நிரலும் இலவசம். அடுத்த படி, அலுமினியப் பட்டைகளில் 17 பெரிய சர்வோக்கள் கோத்த இரண்டு கால் கிட். நான் விசாரித்தபோது பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கீழே சொன்னார்கள். அது ஒழுங்காக நடக்காது. தள்ளாடும், நடுங்கும், மல்லாக்க விழும். பாடம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அந்த சர்வோ அசைய முடியாமல் முட்டி நின்றால் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். 17-உம் ஒரே நேரத்தில் முட்டினால் 40 ஆம்பியருக்கு மேல். அப்போது வோல்டேஜ் சரிந்து ஆர்டுயினோ தன்னைத்தானே அணைத்துத் திரும்ப எழும். "சார், தலை சுத்துது போல இதுக்கு" என்பான் பையன். ஓம் விதியை நான் மூன்று வருடம் கரும்பலகையில் எழுதியும் புரியாதது, அந்த ஒரு மாலையில் புரிந்துவிடும்.

ஒரு கணக்கு இங்கே உதவும். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்குத் தருவது ஐந்து வருடத்துக்கு 20 லட்சம். அதில் 10 லட்சம் ஆய்வகம் அமைக்க, மீதி நடத்த. மாலை வகுப்பான எங்களுக்கு அது கிடைக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பணத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம், கருவிகள், எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு முழு அறையையே திட்டமிடுகிறார்கள். நாங்கள் அதே அளவு பணத்தில் ஒரே ஒரு பொம்மை வாங்க யோசித்துக்கொண்டிருந்தோம்.

புரோகிராம் எழுதுவதற்கு

தம்பிக்கு ஒரே பிடி: யூனிட்ரீ. சீனாவின் ஹாங்சோவில் 2016-ல் தொடங்கிய கம்பெனி. 2025 சீனப் புத்தாண்டு நிகழ்ச்சியில் கைக்குட்டை சுழற்றி ஆடிய ரோபோக்கள் இவர்களுடையவை. 2024 மே மாதம் ஜி1 என்ற ரோபோவை 16,000 டாலருக்கு அறிமுகப்படுத்தினார்கள். உயரம் 1.3 மீட்டர் சுமார், எடை 35 கிலோ, குறைந்தது 23 மூட்டுகள். 2025 ஜூலையில் அதைவிடச் சிறிய ஆர்1, 25 கிலோ, 5,900 டாலர் என்று வந்ததும் தம்பி எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான். "அண்ணா, அஞ்சு லட்சம்தான் ஆகுது!"

இந்த 'தான்' போகிற இடத்தைச் சொல்கிறேன். ஜி1-இல் சாதாரண மாடல், கல்வி மாடல் என்று இரண்டு. சாதாரண மாடலை ரிமோட்டில் நடத்தலாம், கை அசைக்கச் சொல்லலாம். உள்ளே புகுந்து நம் நிரலை எழுத அது அனுமதிக்காது. அதற்குக் கல்வி மாடல்தான் வேண்டும். அதில்தான் கூடுதல் கணினிப் பலகை, கூடுதல் மூட்டுகள், விருப்பப்பட்டால் மூன்று விரல் கை. அதன் விலை அறிமுக விலையைப் போல இல்லை, நிறையத் தள்ளி நிற்கிறது. ஆர்1-க்கும் இதே கதைதான். விளம்பரத்தில் பார்க்கிற விலை ஒரு பொருளுக்கு, தம்பிக்குத் தேவைப்படுவது வேறொரு பொருள். விற்கிறவர்கள் இதை மறைப்பதில்லை, விவரக்குறிப்பில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை. சாதாரண ஜி1-க்குக் கை விரல்கள் அசையாது என்பதையும் நான் அங்கேதான் படித்தேன். பெரியவர் கேட்ட கைகூப்பலுக்கு அது சரிப்படாது.

அப்புறம் பாதுகாப்பு. ஜி1-இன் முழங்கால் மோட்டார் அதிகபட்சம் 90 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும். சின்னக் காரின் சக்கர நட்டை இறுக்குகிற விசை அது. கிட்டில் வரும் சர்வோ ஒரு நியூட்டன் மீட்டர். ஏழாம் வகுப்புப் பையன் விரலை விட்டால், கிட்டில் 'ஆ' என்பான். இதில் அப்படி விட முடியாது. வேலி போட்டு, அவசர நிறுத்தம் கையில் வைத்துக்கொண்டு, வயது வந்த ஒருவர் பக்கத்தில் நின்றுதான் இயக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக்குச் சரி. கல்யாண மண்டப மாடியில், பக்கத்திலேயே படிக்கட்டு வேறு.

நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. கொரியாவின் ரோபோட்டிஸ் கம்பெனியின் ஓபி3: அரை மீட்டர் உயரம், மூன்றரை கிலோ, 20 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டும் டைனமிக்செல் என்ற அறிவுள்ள சர்வோ. தன் கோணம், சுமை, சூடு மூன்றையும் திருப்பிச் சொல்லும். விழுந்தாலும் பெரிய சேதமில்லை. ஒரு மூட்டு போனால் அந்த ஒரு மூட்டை மட்டும் வாங்கி மாட்டலாம். பழுது பார்க்கிறவன் கண்ணுக்கு இதைவிட அழகான ரோபோ கிடையாது. ஆனால் ஷோரூமில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தம்பியை நான் மடக்கியது வேறு இடத்தில். இன்று ரோபோக்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் கணினிக்குள் நடக்கிறது. ஆயிரக்கணக்கான போலி ரோபோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, விழுந்து எழுந்து அவை தேறிய பிறகுதான் அந்த அறிவை உண்மையான உடம்பில் ஏற்றுகிறார்கள். அதற்கான முஜோகோ மென்பொருளை டீப்மைண்ட் 2022-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஜி1-இன் கணினி மாதிரி ஒன்று அதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. "உள்ளே விழுந்தா செலவு பூஜ்யம்ப்பா. அங்க நடக்க வெச்சுக் காட்டு, வெளிய வாங்கித் தர்றேன்" என்றேன். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி ஒன்றுக்கு இரண்டு லட்சம் ஆகும். அதில் டிப்ளமோ பிள்ளைகள் எட்டுப் பேர் மாறிமாறி உட்காரலாம்.

பட்டியல் விலைக்கு மேலே என்னவெல்லாம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுங்க வரி, அதன்மேல் ஜிஎஸ்டி. வைஃபை, புளூடூத் இருப்பதால் கம்பியில்லாக் கருவி இறக்குமதிக்கான அனுமதி. பெரிய லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் போட்டு விமானத்தில் கொண்டுவர முடியாது, சரக்காகத்தான் வர வேண்டும். பழுதானால் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். ரோபோவின் கண்ணில் கேமரா, காதில் மைக். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் முகமும் குரலும் எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது என்று விற்கிறவரிடம் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட மூன்று பேரில் ஒருவர்தான் பதில் தந்தார்.

கூட்டத்தில் நடந்தது

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பெரியவர் சிரித்தார். "யானை வாங்குறவன் அங்குசம் வாங்க மாட்டானா? செலவைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க."

"அங்குசம் வாங்கிடலாங்கய்யா. பாகனுக்குத்தான் யோசிக்கிறேன்" என்றேன். "தம்பி இன்னும் ஒரு வருஷத்துல வெளிநாடு போயிடுவான். எனக்கு ஐம்பத்து மூணு. அது வாசல்ல மடங்கிக் கிடந்தா யார் தூக்கி நிறுத்தறது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீச்சர்தான் ஆரம்பித்தார், "பிள்ளைங்களே செஞ்சா, பிள்ளைங்களே பார்த்துக்குவாங்க இல்ல?" அந்த ஒரு வாக்கியத்தில் என் ஒரு மாத வேலை முடிந்துவிட்டது. முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம்.

கடைசியில் பிரித்தது இப்படி. ஓட்டோ வகைக் குட்டி ரோபோவுக்கான சாமான் முப்பது செட், இரண்டு பேருக்கு ஒன்று. 17 மூட்டுக் கிட் ஆறு. அச்சு இயந்திரம் இரண்டு, கணினி ஒன்று, எஸ்பி ரோட்டில் உதிரி சர்வோ வாங்கத் தனியாக ஒரு தொகை. உதிரிக்கென்று பட்ஜெட்டில் கோடு போடாத வகுப்பு மூன்றாம் மாதம் பூட்டிக்கொள்ளும் என்பது என் அனுபவம். இதெல்லாம் சேர்ந்து எட்டு லட்சத்துக்குள் அடங்கியது. ஓபி3 ஒன்றுக்கு விலைப்பட்டியல் கேட்டு எழுதியிருக்கிறோம். மீதி வங்கியில் கிடக்கட்டும். முஜோகோவில் பிள்ளைகள் நடக்கவைத்துக் காட்டினால், அடுத்த வருடம் கல்வி மாடல் ஆர்1 பற்றித் திரும்ப உட்கார்ந்து பேசலாம். அதற்குள் விலையும் ஒரு நிலைக்கு வரும். இந்தத் துறையில் ஒரு வருடம் காத்திருப்பவனுக்கு நஷ்டம் வந்து நான் பார்க்கவில்லை.

பெரியவரின் வாசல் ரோபோவையும் கைவிடவில்லை. பிரெஞ்சு சிற்பி கேல் லாங்வான் 2012-ல் ஆரம்பித்த இன்மூவ் என்ற ஆள் உயர ரோபோவின் வரைபடங்கள் எல்லாருக்கும் இலவசம். 12 சென்டிமீட்டர் கனசதுரம் அச்சடிக்கும் சின்ன இயந்திரத்தில்கூடத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம். நாங்கள் செய்யப்போவது இடுப்புக்கு மேலே மட்டும், ஒரு மேசையில் நிலையாகப் பொருத்தி. விரல்கள் அசையும், கை கூப்பும். குரலுக்கு டேப்லெட். தமிழ் வரவேற்புக்குத் தமிழ்க் குரல், கன்னடத்துக்குக் கன்னடக் குரல், கன்னட வாக்கியத்தைக் கன்னட எழுத்திலேயே எழுத வேண்டும் என்பது முதல் விதி. அந்த வேலையை எட்டாம் வகுப்பில் இருக்கும் இரண்டு பெண்களிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் வீட்டிலும் இரண்டு மொழியும் புழங்குகிறது.

பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் திரும்பி நின்று கேட்டார்: "உபயம்னு பேரு எங்க போடுவீங்க?"

நாவோ வாங்கியிருந்தால் மார்பில் ஒட்டச் சொல்லியிருப்பார். தூரம் அளக்கும் சோனார் அதற்கு அங்கேதான் இருக்கிறது. டியூப்லைட் நடுவில் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்த கதையாகியிருக்கும். இன்மூவின் முதுகில் ஒயர்களை மூட ஒரு பெரிய பலகை வரும், அதில் போடலாம் என்றேன். முதுகில் போட்டால் யார் பார்ப்பார்கள் என்றார். மூடியைத் திறக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள் ஐயா, வாரத்துக்கு நான்கு தடவையாவது திறக்க வேண்டியிருக்கும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். முதல் தவணைக் காசோலை நேற்று வந்துவிட்டது.